கையில் காசிருப்பவருக்கே கிராண்ட்

சின்னதாக ஒரு தொழில் நடத்துகிறேன் என்று அமெரிக்காவில் யாரிடம் சொன்னாலும் அடுத்த வார்த்தை தயாராக இருக்கிறது. "கிராண்ட் ஏதாவது பாருங்களேன், கவர்ன்மென்ட் நிறையக் குடுக்குதே." கோயிலில் பார்ப்பவர் சொல்கிறார். பிள்ளையை நடன வகுப்பில் விட வந்த இன்னொரு அம்மா சொல்கிறார். திருச்சியிலிருந்து என் நாத்தனார் போன் போட்டு, "அண்ணி, அங்க சென்ட்ரலும் தருதாம், ஸ்டேட்டும் தருதாம், திருப்பிக் கட்டவே வேணாமாம். நீங்க ஏன் இன்னும் கடன் வாங்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்கிறாள்.

எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை நம்பி நானும் என் கணவரும் தூக்கம் கெட்டு உட்கார்ந்த இரவுகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் நாங்கள் இட்லி, தோசை மாவு அரைத்து இந்திய மளிகைக் கடைகளுக்குப் போடுகிறோம். எங்கள் இருவரையும் சேர்த்து ஆறு பேர். விடியற்காலை மூன்று மணிக்குக் கிரைண்டர் ஓட ஆரம்பித்தால்தான் காலையில் வேன் கிளம்ப முடியும். மாவு வேலை இப்படி இருக்க, மனு எழுத இரவு ஒன்பதுக்கு மேல்தான் நேரம். அந்த நேரத்தைத்தான் இந்தத் தேடல் தின்றது.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையைத் தொடங்கவோ, இருக்கும் கடையைப் பெரிதாக்கவோ அமெரிக்க மத்திய அரசு யாருக்கும் கிராண்ட் தருவதில்லை. இதை எஸ்.பி.ஏ. என்கிற சிறுதொழில் நிர்வாகமே ஒளிக்காமல் சொல்கிறது. 1953-இல் தொடங்கிய அந்த அமைப்பு தருவது பெரும்பாலும் கடன் உத்தரவாதம். 7(ஏ) என்ற திட்டத்தில் 50 லட்சம் டாலர் வரை கடன், நம்மைப் போன்றவர்களுக்கு மைக்ரோலோன் என்று 50,000 டாலர் வரை. அதுவும் இடையில் இருக்கும் லாபநோக்கற்ற நிறுவனங்கள் வழியாக, பெரும்பாலும் 8 முதல் 13 சதவீத வட்டிக்கு. எஸ்.பி.ஏ.வின் கிராண்ட் பணம் எங்கே போகிறது என்றால், தொழில்முனைவோருக்கு ஆலோசனை சொல்லும் அமைப்புகளுக்கு, கல்லூரிகளுக்கு, மாநில அரசுகளுக்கு. ஆலோசனைக்குப் பணம் இருக்கிறது. ஆலோசனை கேட்டுப் போகிறவருக்கு இல்லை.

இந்த ஒரு உண்மையை மட்டும் முதல் நாளே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டியவர்கள் அதை ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு வரியாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு எதிராக ஆயிரம் வாய்கள் "இலவசப் பணம்" என்று கூவுகின்றன. களைத்துப்போன மனிதரின் காதில் எது விழும்?

கிராண்ட்ஸ் டாட் கவ் என்று மத்திய அரசின் தளம் இருக்கிறது. எல்லாத் துறைகளின் கிராண்ட் அறிவிப்பும் ஒரே இடத்தில். கேட்க நன்றாக இருக்கிறது. யாருக்கு என்ற இடத்தில் மாநில அரசுகள், நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள், பழங்குடி அரசுகள், லாபநோக்கற்ற அமைப்புகள் என்று வரிசையாக இருக்கும். சிறுதொழில் என்பதைத் தேர்ந்தெடுத்து வடிகட்டினால் பட்டியல் சுருங்கும். சுருங்கியதில் பெரும்பகுதி ஆராய்ச்சி. புற்றுநோயைக் கண்டறியும் புதுக் கருவி, ராணுவத்துக்கான உணர்கருவி, விண்வெளிக்கான உலோகம். இவை எஸ்.பி.ஐ.ஆர். என்ற ஏற்பாட்டில் வருபவை. 1982-இல் ரீகன் காலத்தில் சட்டமானது. வெளியாருக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் துறைகள் அதில் 3.2 சதவீதத்தைச் சிறுதொழில்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது கணக்கு. நல்ல சட்டம், எத்தனையோ கண்டுபிடிப்புகளைத் தூக்கிவிட்ட சட்டம். அதன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் தலைமுடி வெட்டுகிறவரும், தையல் கடை வைத்திருப்பவரும், மாவு அரைக்கிறவரும் அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்து, இதில் நமக்கு ஒன்றுமே இல்லை என்று தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்?

விவசாயத் துறையில் இரண்டு திட்டங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, மின்சாரச் செலவைக் குறைக்கும் கருவிகளுக்கும் சூரிய மின் தகடுகளுக்கும் உதவும் ரீப் என்ற திட்டம். எங்கள் மின்கட்டணத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் ஆசை காட்டியது என்று புரியும். ஆனால் சிறுதொழில் என்றால் கிராமப்புறத்தில் இருக்க வேண்டும். 50,000 பேருக்கு மேல் வசிக்கும் நகரமும் அதை ஒட்டிய நகர்ப்பகுதியும் சேராது. எடிசனில் ஒரு லட்சம் பேருக்கு மேல். அதோடு அது முடிந்தது. இன்னொன்று, விளைபொருளை மதிப்புக் கூட்டி விற்பவர்களுக்கானது. அரிசியையும் உளுந்தையும் மாவாக்குவதைவிட மதிப்புக் கூட்டல் வேறு என்ன இருக்கிறது என்று என் கணவர் ஒரு இரவு முழுக்க அதைப் படித்தார். விளைபொருளில் பாதிக்கு மேல் நாமே விளைவித்ததாக இருக்க வேண்டுமாம். அதோடு, அரசு ஒரு டாலர் தந்தால் நாமும் ஒரு டாலர் போட வேண்டும். உழவர்களுக்கான பணம் உழவர்களுக்குப் போவதுதான் முறை. எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இந்த "உங்களுக்கு இல்லை" என்கிற செய்தி எந்தத் திட்டத்திலும் முதல் பக்கத்தில் இல்லை. குறிக்கோள், வரலாறு, அமைச்சரின் படம், வெற்றிக் கதை எல்லாம் தாண்டி, பத்தாம் பக்கமோ இருபதாம் பக்கமோ போன பிறகுதான் வருகிறது.

மத்திய அரசுக்கு எந்த கிராண்ட் மனு போடுவதானாலும் அதற்கு முன் சாம் டாட் கவ் என்ற தளத்தில் நிறுவனத்தைப் பதிய வேண்டும். பதிவு இலவசம். 2022 ஏப்ரலுக்கு முன் டன்ஸ் என்ற ஒன்பது இலக்க எண் தேவைப்பட்டது, அதை ஒரு தனியார் நிறுவனத்திடம் வாங்க வேண்டியிருந்தது. இப்போது அரசே யு.இ.ஐ. என்ற 12 எழுத்து அடையாளத்தைத் தருகிறது. முன்னேற்றம்தான். ஆனால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரித்துறையிலும் மாநிலப் பதிவிலும் வங்கியிலும் புள்ளி, காற்புள்ளி உட்பட ஒத்துப்போக வேண்டும். எங்கள் கட்டடத்தில் "யூனிட்" என்று ஒரு காகிதத்திலும் "சூட்" என்று இன்னொன்றிலும் இருந்தது. அதைச் சரிசெய்யவே பல வாரம் ஓடிவிட்டது. வருடா வருடம் புதுப்பிக்க வேறு வேண்டும்.

பதிவு முடிந்த மறுநாளிலிருந்து போன். பதிவு விவரம் பொதுவில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். "உங்கள் பதிவு முழுமையடையவில்லை, கட்டணம் கட்டினால் முடித்துத் தருகிறோம்." "உங்கள் நிறுவனம் கிராண்டுக்குத் தேர்வாகியிருக்கிறது, செயலாக்கக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்." பேச்சில் அரசு அதிகாரியின் தோரணை, கடிதத்தில் கழுகு முத்திரை போல ஒன்று. அரசு எந்த கிராண்டுக்கும் முன்பணம் கேட்காது, யாரையும் தானாகக் கூப்பிட்டுப் பணம் தருகிறேன் என்று சொல்லாது என்று எஃப்.டி.சி. என்ற வர்த்தக ஆணையம் பல வருடமாக எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பூக்கட்டி விற்பவர்கள், இப்படி ஒரு அழைப்பில் பணத்தை இழந்தது. அந்த அம்மா யாரிடமும் சொல்லவே இல்லை. மாதங்கள் கழித்து என்னிடம் சொன்னபோது, "போலீசுக்குப் போனியாம்மா?" என்று கேட்டேன். "போய் என்னன்னு சொல்ல அக்கா? இலவசப் பணத்துக்கு ஆசைப்பட்டேன்னு சொல்லவா?" என்றாள். அவள் ஆசைப்பட்டது கடை வாடகைக்கு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மக்கள் ஏன் நம்புகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கோவிட் நேரத்தில் அரசு உண்மையாகவே கொடுத்தது. 2020 ஏப்ரல் 3-ஆம் தேதி பி.பி.பி. திட்டம் திறந்தது. சம்பளத்துக்குச் செலவிட்டால் திருப்பித் தர வேண்டாத கடன். முதல் தவணையாக ஒதுக்கிய 34,900 கோடி டாலரும் 13 நாளில் தீர்ந்துபோனது. வங்கிகள் வழியாக, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் கொடுத்ததால், வங்கியில் மேலாளரைத் தெரிந்தவர்கள் முன்னால் போனார்கள். பங்குச் சந்தையில் இருக்கும் ஷேக் ஷேக் பர்கர் நிறுவனம் அப்போது வாங்கிய ஒரு கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது நாடு முழுக்கச் செய்தியானது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு முதல் சுற்றிலேயே கிடைத்தது. தெருமுனைக் கடைகளில் பலவற்றுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் உணவகங்களுக்கென்று தனி நிதி வந்தது. 2,860 கோடி டாலர். 2021 மே 3-ஆம் தேதி திறந்தார்கள். முதல் 21 நாள் பெண்களுக்கும், முன்னாள் ராணுவத்தினருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தங்கியவர்களுக்கும் முன்னுரிமை என்றார்கள். அதை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டார்கள், இனத்தையும் பாலினத்தையும் வைத்துத் தந்த முன்னுரிமையை நீதிமன்றங்கள் நிறுத்தின. பணம் வருகிறது என்று ஒப்புதல் கடிதம் வாங்கிய ஏறத்தாழ 3,000 பேருக்கு, இல்லை என்று மறு கடிதம் போனது. இப்படி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகைப் பாக்கிக்குத் தவணை சொல்லியிருப்பார்களே, ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்களே, அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? மொத்தம் 2,78,000 பேருக்கு மேல் மனுப் போட்டு, 7,220 கோடி டாலர் கேட்டார்கள். கிடைத்தது ஒரு லட்சத்துச் சொச்சம் பேருக்கு. மீதிப் பேருக்கும் கொடுக்க 2022 மே மாதம் செனட்டில் வந்த முயற்சி தேவையான 60 வாக்கு கிடைக்காமல் விழுந்தது. அந்த இரண்டு வருடத்தில் பிறந்த நம்பிக்கைதான் இன்னும் வாய்வழியாகச் சுற்றுகிறது. கடை மூடிவிட்டது என்பதை யாரும் மக்களிடம் முறையாகச் சொல்லவில்லை.

சரி, மத்திய அரசை விடுங்கள். மாநிலத்துக்கு வருவோம். உண்மையில் சிறு கடைகளுக்குக் கிராண்ட் என்று ஒன்று இருக்குமானால் மாநிலத்திலும் கவுண்டியிலும் டவுனிலும்தான் இருக்கிறது. எங்கள் நியூ ஜெர்சியில் 2021 ஜனவரியில் கையெழுத்தான பொருளாதார மீட்புச் சட்டத்தின் கீழ் வந்த மேம்பாட்டுக் கிராண்ட் ஒன்று உண்டு. கடையைப் புதுப்பிக்கவோ புதுச் சாமான், கருவி வாங்கவோ ஆகும் செலவில் 50 சதவீதம், அதிகபட்சம் 50,000 டாலர். படித்ததும் மனம் நிறைந்துபோனது. மாநிலம் நம்மை நினைத்திருக்கிறது என்று தோன்றியது. அந்த எண்ணம் இப்போதும் மாறவில்லை, இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் சிறு கடைகளுக்காகத்தான் வகுத்திருக்கிறார்கள்.

ஆனால் முறை என்ன? ரீயிம்பர்ஸ்மென்ட். முழுப் பணத்தையும் முதலில் நாம் செலவழித்து, ரசீதையும் பணம் கட்டிய சான்றையும் கொடுத்தால், பாதியைப் பிறகு தருவார்கள். நாற்பதாயிரம் டாலர் வேலை என்றால் நாற்பதாயிரத்தையும் புரட்டிக்கொண்டு வர வேண்டும். புரட்ட முடிகிறவர் ஏன் கிராண்ட் தேடுகிறார்? வங்கி அவருக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கும். புரட்ட முடியாதவருக்காக வந்த திட்டம், புரட்ட முடிந்தவர் கையில் போய்ச் சேருகிறது. பசிக்கிறவனிடம் சாப்பிட்டுவிட்டு பில்லைக் கொண்டு வா என்பது போல.

மாநிலத்தில் மட்டும் இப்படி இல்லை. நாடு முழுக்கப் பல சிறுதொழில் கிராண்டுகள் இந்த முறையில்தான் நடக்கின்றன. காரணம் கேட்டால், மக்கள் வரிப்பணம், மோசடி நடந்துவிடக் கூடாது என்கிறார்கள். நியாயம். பி.பி.பி.யில் எவ்வளவு மோசடி நடந்தது என்று நாங்களும் படித்தோம். ஆனால் மோசடியைத் தடுக்க இந்த ஒரு வழிதானா? குளிர்சாதனம் விற்கிற கடைக்கு நேரடியாகக் காசோலை அனுப்பலாமே. என் கையில் ஒரு காசு தர வேண்டாம். கொட்டேஷனைப் பார், கருவி வந்து இறங்கியதைப் பார், விற்றவருக்குக் கட்டு. வீட்டுக் கடன் தருகிற வங்கி வீட்டை விற்பவருக்குத்தானே பணம் கொடுக்கிறது?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சொல்கிறேன். நான் சொல்லப்போவது மாநிலத் திட்டம் அல்ல, வேறொரு உள்ளூர்த் திட்டம், பெயர் வேண்டாம். வசந்த காலத்தில் மனுப் போட்டோம். எங்கள் வாக்-இன் கூலர், அதாவது ஆள் உள்ளே போய் வரும் அளவுக்குப் பெரிய குளிர் அறை, பழையதாகிவிட்டது. அதன் கம்ப்ரசரையும் காயிலையும் மாற்றப் பணம் கேட்டிருந்தோம். மூன்று இடத்தில் கொட்டேஷன், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், வரிப் பாக்கி இல்லை என்ற சான்றிதழ், ஆட்களுக்குக் கட்டிய சம்பளத்தைக் காட்டும் காலாண்டுப் படிவம், காப்பீடு, லீஸ் முழுவதும். எல்லாம் கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை கணவர் கூலர் கதவைத் திறந்தார். வழக்கமாக முகத்தில் அறையும் குளிர் இல்லை. உள்ளே வெதுவெதுப்பு. முந்தின நாள் அரைத்து அடுக்கிய மாவு டப்பாக்கள் வயிறு உப்பி, மூடிகள் எகிறி, மாவு அலமாரி வழியாகத் தரைக்கு வழிந்துகொண்டிருந்தது. புளித்த வாடை வாசல்வரை. மாவு 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும், அதுதான் உணவுச் சட்டம் சொல்லும் அளவு. சுவரில் இருந்த வெப்பமானி 70-ஐத் தாண்டியிருந்தது. வேலைக்கு வந்த பிள்ளைகள் இருவரும் வாளியில் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். அதில் ஒருத்தி உளுந்தைப் பொறுக்கி ஊறவைத்ததிலிருந்து கூட இருந்தவள், அழுதுகொண்டே கொட்டினாள்.

திங்கட்கிழமை காலை அந்தத் திட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மிகவும் பரிவாகப் பேசினார், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிராண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் வாங்கினால் அந்தச் செலவு கணக்கில் சேராது என்றார். ஒப்பந்தம் எப்போது ஆகும்? கமிட்டி கூட வேண்டும். எப்போது கூடும்? கோடை விடுமுறைக்குப் பிறகு. அதுவரை மாவை எங்கே வைப்பது? அதற்கு அவரிடம் பதில் இல்லை, இருக்கவும் முடியாது.

கடைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஒரு வாரம் மாவு வராவிட்டால் அலமாரியில் அந்த இடம் வேறு மாவுக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. கிரெடிட் கார்டில் தேய்த்துப் புதுக் கம்ப்ரசர் போட்டோம். பதினெட்டாயிரம் டாலர். அந்த வட்டியில் இன்றும் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறோம். செப்டம்பரில் கடிதம் வந்தது: வாழ்த்துகள், உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஏற்கெனவே வாங்கிய கம்ப்ரசருக்குத் தர முடியாது. வேறு கருவி ஏதாவது வாங்கி ரசீதைக் கொடுத்தால் பாதி கிடைக்கும். வேறு கருவிக்கு நாங்கள் எங்கே போவோம், இருந்ததெல்லாம் கூலருக்குப் போயிற்றே! காலக்கெடு முடிந்ததும் அந்த ஒதுக்கீடு ரத்தானது. அந்த வருடம் திட்டத்தின் அறிக்கையில் எங்கள் பணம் செலவாகாத பணமாகத்தான் நின்றிருக்கும். தேவைப்படுகிறவர் யாருமில்லை என்று அதைப் படிப்பவர் நினைத்திருப்பார்.

முன்கூட்டி வாங்கியதற்குத் தர மாட்டோம் என்ற விதி, கிராண்ட் இல்லாமலே வாங்கியிருக்கக் கூடியவருக்குப் பணம் போகக் கூடாது என்பதற்காக. ஆனால் உடைந்த கருவியை மாற்றுவதும் ஆசைப்பட்டுப் புதுக் கருவி வாங்குவதும் ஒன்றா? அவசரத்துக்கு ஒரு விலக்கு, மனுத் தேதிக்குப் பிறகு வாங்கியதைக் கணக்கில் எடுக்கும் ஒரு வரி, இவ்வளவு போதும். சில திட்டங்களில் அப்படி ஒரு பின்தேதி ஏற்பாடு இருக்கவும் செய்கிறது. அதை எல்லாத் திட்டத்திலும் வைப்பதில் என்ன கஷ்டம்?

இன்னும் சில இருக்கின்றன. "சிறு" என்ற அளவே எங்களுக்கு எதிரானது. மத்திய அரசின் கணக்கில் பல உற்பத்தித் தொழில்களில் 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் சிறுதொழில்தான். அங்கே மனு எழுதத் தனி ஆள் உண்டு. ஆறு பேர் கடையும் அதுவும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அப்புறம், எல்லைக்கோடு. நியூ ஜெர்சியில் 1983 முதல் நகர்ப்புறத் தொழில் மண்டலங்கள் உண்டு. அங்கே இருக்கும் கடைகள் விற்பனை வரியில் பாதி வசூலித்தால் போதும், மண்டல நிதியிலிருந்து சில உதவிகளும் வரும். நியூ பிரன்ஸ்விக்கில் உண்டு, எடிசனில் இல்லை. நடுவில் ராரிட்டன் ஆறு மட்டும்தான். ஏழ்மை அதிகமான ஊருக்கு முதலில் செய்வது சரி, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பணக்கார ஊர் என்று பெயர் வாங்கிய இடத்தில் வாடகைக்கு இருக்கும் ஏழைக் கடைக்காரரை எந்தத் திட்டத்தின் வரைபடமும் காட்டுவதில்லை. கிராண்ட் வந்துவிட்டாலும் அதற்குப் பெரும்பாலும் வருமான வரி உண்டு என்பதையும் பலர் வரி கட்டும் மாதத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

மனு எழுதித் தருகிறேன், கிடைக்கும் பணத்தில் பத்து சதவீதம் கொடுங்கள் என்று வருபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிராண்ட் எழுதும் தொழில்முறையாளர்களின் சங்கமே அப்படிச் சதவீதக் கூலி வாங்குவதை ஒழுக்க விதியில் தடுத்திருக்கிறது. கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உதவி வேண்டுமானால் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிறுதொழில் மேம்பாட்டு மையங்களுக்குப் போங்கள், அல்லது ஸ்கோர் என்ற, தொழில் அனுபவம் உள்ளவர்களின் தன்னார்வ அமைப்புக்கு. ஆலோசனைக்குக் காசு கேட்க மாட்டார்கள். எனக்கு முதன்முதலில் "உங்களுக்கு மத்திய கிராண்ட் எதுவும் கிடையாதும்மா, அதைத் தேடாதீங்க, கணக்கைச் சரிபண்ணி மைக்ரோலோனுக்குப் போங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அப்படிப்பட்ட ஒரு ஆலோசகர்தான். இத்தனை பேரில் அவர் ஒருவர்தான் என் நேரத்தை மதித்தார்.

அவரிடமிருந்துதான் இன்னொன்றும் தெரிந்தது. மத்திய வீட்டுவசதித் துறை 1974 சட்டப்படி ஒவ்வொரு வருடமும் ஊர்களுக்குச் சமுதாய மேம்பாட்டு நிதி தருகிறது. 50,000 பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்குப் பெரும்பாலும் நேரடியாகவே வரும். அதில் குறைந்தது 70 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான மக்களுக்குப் பயன்பட வேண்டும். சிறு கடைகளுக்குக் கிராண்ட் கொடுக்கவும் அதில் இடம் உண்டு. பல ஊர்களின் சிறு கிராண்டுகளும் முகப்புச் சீரமைப்பு உதவிகளும் இந்தப் பணத்திலிருந்துதான் வருகின்றன. எதற்கு எவ்வளவு, என்ன விதி என்பதை ஊரே முடிவு செய்கிறது. வருடத்துக்குக் குறைந்தது இரண்டு பொதுக் கூட்டம் நடத்தி மக்களைக் கேட்டாக வேண்டும், முடிவு செய்வதற்கு முன் வரைவுத் திட்டத்தை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இது சட்டம்.

அந்தக் கூட்டம் வார நாளில், சாயங்காலம், கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் நடக்கிறது. அறிவிப்பு ஆங்கிலப் பத்திரிகையின் சட்ட விளம்பரப் பக்கத்தில் பொடி எழுத்தில் வருகிறது. நான் போனபோது மேடைக்கு எதிரே இருந்த நாற்காலிகளில் பெரும்பாலானவை காலி. வந்தவர்கள் முதியோர் மையத்தையும் நடைபாதையையும் பற்றிப் பேசினார்கள். அவர்களுக்குத் தேவை இருந்தது, கேட்டார்கள், அவர்கள் கேட்டதை எழுதிக்கொண்டார்கள். எங்கள் ஊர் ஓக் ட்ரீ சாலையில் நகைக்கடை, புடவைக்கடை, பலகாரக் கடை என்று இத்தனை கடை இருந்தும் எங்கள் பக்கத்திலிருந்து வேறு யாரும் எழுந்து பேசவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று நிமிடத்தில் பேச எழுதிவைத்திருக்கிறேன். யாருக்கு இல்லை என்பதை அறிவிப்பின் முதல் பக்கத்தில் போடுங்கள். விற்பவருக்கு நேரடியாகப் பணம் கட்டுங்கள், முடியாவிட்டால் பாதியை முன்பணமாகக் கொடுங்கள். கருவி உடைந்தால் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கில் எடுங்கள். நிதியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று மாதா மாதம் எழுதி ஒட்டுங்கள், தீர்ந்துபோன பணத்துக்கு நாங்கள் ராத்திரி உட்கார்ந்து மனு எழுத வேண்டாம். கூட்டத்தை ஒரு முறையாவது காலையில் வையுங்கள். பூக்கடை அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருக்கிறதாம், அவளுடையதையும் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.